பேர் வெட்டிய பீங்கான்

காசிம் மரைக்காயர் வீட்டில் பீங்கானுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லோரும் சாப்பிட்டது எவர்சில்வர் தட்டில்தான். கடலூர் முதுநகரில் அந்தத் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் கிடையாது. கூடத்தை ஒட்டிய அறையில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரிகள். உள்ளே நீலப் பூப் போட்ட சஹன்கள், சிவப்பு விளிம்பு வைத்த கோப்பைகள், மூடி வைத்த ஜாடிகள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுகிற அகலத் தட்டுக்குத்தான் சஹன் என்று பேர். எல்லாம் சீனத்துச் சரக்கு. கப்பல் ஓடிய காலத்தில் பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வைக்கோல் பொதிந்து வந்து இறங்கியவை.

அவருடைய வாப்பா வழியில் வந்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அவரே சேர்த்தது. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் வலையும் கயிறும் மிதவையும் விற்கிற கடை வைத்திருந்தார். மெலமைன் தட்டு வந்த புதிதில் ஊரே பழைய பீங்கானைப் பரணில் தூக்கிப் போட்டது. பரங்கிப்பேட்டை, கிள்ளை, காரைக்கால் என்று எந்த ஊரில் பழைய வீட்டை இடித்தாலும் காசிமுக்கு எப்படியோ தெரிந்துவிடும். கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். திரும்பும்போது பஸ்ஸில் சஹனை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளி உட்காரச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டு வருவார். பெற்ற பிள்ளைகளை அவர் அப்படி மடியில் வைத்துக்கொண்டு வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

கழுவுகிற வேலை மட்டும் அவர் மனைவி ரஹ்மத் பீவிக்கு. ஒவ்வொரு பெருநாளுக்கு முன்னாலும் கொல்லைப்புறத்தில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் பழைய ஜமுக்காளத்தை விரித்து, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவாள். புளி படக்கூடாது, சாம்பல் படக்கூடாது. பயத்தமாவும் வெதுவெதுப்பான தண்ணீரும்தான். கழுவித் துடைத்துக் கவிழ்த்து முடிக்கும்போது இடுப்பு நிமிராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கையில் ஒன்றும் உடைந்ததில்லை. அதற்காகப் பீங்கான்மேல் அவளுக்குப் பிரியம் என்று சொல்லிவிட முடியாது. மூட்டுவலித் தைலத்தின் செலவு தெரிந்தவள் அவள்.

போன வருஷம் காசிமுக்கு நெஞ்சுவலி வந்து புதுச்சேரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த மனுஷர் பயந்துபோயிருந்தார். சாவுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. தமக்குப் பிறகு அலமாரி என்ன ஆகும் என்றுதான். வீடும் கடையும் எப்படிப் பிரியும் என்று அவருக்குத் தெரியும். ஷரீஅத்தில் பங்கு இருக்கிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. ஜோடி ஜோடியாக இருக்கிற பீங்கானை அப்படிப் பிரித்தால் அதன் உயிரே போய்விடும் என்று நினைத்தார்.

மகள் ஷாசியா சிதம்பரத்தில் வாக்கப்பட்டவள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சின்ன வயதில் வாப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, இது எந்த வீட்டு சஹன், அது எந்த வீட்டு ஜாடி என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவள். மகன் ஜாபிருக்கு அந்த நோய் கிடையாது. ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்து திருப்பாப்புலியூரில் ஏசி ரிப்பேர் கடை போட்டிருந்தான். கடை சுமாராக ஓடியது. அவனுக்கு அந்த அலமாரிகள் கண்ணாடிக்குள் முடங்கிக் கிடக்கிற முதலாகத்தான் தெரிந்தன.

உயிரோடு இருக்கும்போதே மொத்தத்தையும் மகளுக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று காசிம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டார்.

"கொடுக்கலாம். அதுக்கு ஹிபான்னு பேரு. ஆனா கொடுத்தேன்னு வாயால சொன்னா போதாது மரைக்காரே. அவங்க ஏத்துக்கணும், பொருள் அவங்க கைக்குப் போவணும். சாவி உங்க வூட்லயே இருந்துச்சுன்னா அது ஹிபா இல்ல" என்றார் ஹஜ்ரத். கூடவே இன்னொன்றும் சொன்னார். "ஒரு புள்ளைக்குக் கொடுத்துட்டு இன்னொரு புள்ளை மொகத்த எப்படிப் பார்ப்பீங்கன்னும் யோசிச்சுக்குங்க."

இரண்டாவது சொன்னதைக் காசிம் காதில் வாங்கவில்லை. முதலாவதுதான் அவரை வாட்டியது. பொருள் கைமாற வேண்டும் என்றால் அலமாரி காலியாக வேண்டும். ஷாசியா வரும்போதெல்லாம் ஒரு சஹனை எடுத்துப் பேப்பரில் சுற்றுவார். அவள் கிளம்பும் நேரத்தில் பேப்பரைப் பிரித்து மறுபடி உள்ளே வைத்துவிடுவார். மழை நிற்கட்டும் என்பார். உன் வீட்டில் அலமாரி செய்து முடிக்கட்டும் என்பார். கொடுக்கவும் மனமில்லை, கொடுக்காமல் சாகவும் மனமில்லை. கல்யாணப் பெண்ணை வழியனுப்பும்போது கூட மனுஷர் இத்தனை தவித்ததில்லை.

பள்ளிவாசலில் பேசியது ஊரில் எத்தனை நாள் தங்கும்? ஜாபிர் காதுக்குப் போயிற்று. அவன் சண்டைக்கு வரவில்லை. புதுச்சேரியிலிருந்து பழம்பொருள் வாங்கி விற்கிற பாலகுமாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஷாசியாவும் அன்று அங்கே இருந்தாள்.

பாலகுமார் மெதுவாகப் பேசுகிற ஆள். கைக்குட்டையை விரித்து, அதன்மேல் ஒவ்வொரு சஹனாக வைத்து, திருப்பிப் பார்த்தார். ரஹ்மத் பீவி டீ கொண்டுவந்து கதவோரம் நின்றாள்.

"நல்லா வெச்சிருக்கீங்க சார். ஒரு கீறல் இல்ல" என்றார் பாலகுமார். பிறகு ஒன்றை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். அதன் அடியில் ஊசிமுனையால் பொத்தியதுபோல் சின்னச் சின்னப் புள்ளியாக அரபி எழுத்தில் ஒரு பேர் இருந்தது. உதுமான். எந்தக் காலத்து உதுமானோ, எந்தக் கப்பல்காரரோ, யாருக்கும் தெரியாது. "இதுதான் சார் இருக்கறதுலயே ஒசத்தி. இந்தப் பேரு இருக்கறதாலதான் இதுக்கு மதிப்பு. பேரு இல்லன்னா இது மத்ததுல பாதிகூடப் போவாது" என்றார்.

கதவோரம் நின்றவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

மொத்தத்துக்கும் பாலகுமார் சொன்ன விலை அந்த வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்காதது. அவர் கிளம்பிப் போன பிறகுதான் ஆரம்பித்தது.

"இவ்ளோ பெரிய முதல யாரையும் கேக்காம ஷாசியாவுக்குத் தூக்கிக் கொடுக்கப் போறீங்க. அப்ப நான் யாரு வாப்பா? தவுட்டுக்கு வாங்கின புள்ளையா?" என்றான் ஜாபிர்.

"உன் கையில கொடுத்தா நாளைக்கே அந்தப் புதுச்சேரிக்காரன் வேன் கொண்டாந்து நிறுத்துவான்" என்றார் காசிம்.

"ஆமா, விப்பேன். வித்து எனக்கும் அவளுக்கும் உண்டானத நியாயமா பிரிச்சுப்பேன். அலமாரியில வெச்சுப் பாத்தா வயிறு ரொம்பிடுமா?"

"நானா, இது வாப்பா ஆயுசு முழுக்கச் சேத்தது. உங்களுக்குக் கடைக்குப் பணம் வேணும்னா வேற எதையாவது கேளுங்க" என்றாள் ஷாசியா அண்ணனிடம்.

"வேற என்னா இருக்கு இந்த வூட்ல? நீ டீச்சர், உன் வூட்டுக்காரருக்கு யூனிவர்சிட்டியில வேலை. மாசம் பொறந்தா ரெண்டு சம்பளம். உனக்கு இது ஷோ. எனக்கு இது சோறு."

"நான் ஒண்ணும் கேட்டு வாங்கல. வாப்பாவா கொடுக்கறாங்க."

"அப்ப வாங்கிக்க. என்னிக்கு அந்தச் சாமான் உன் வாசப்படி ஏறுதோ, அன்னியோட எனக்குத் தங்கச்சி இல்ல."

"சரி நானா. அப்படியே வெச்சுக்கலாம்" என்று ஷாசியா பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

ஜாபிரும் எழுந்து போனான். இரண்டு டீயும் அப்படியே ஆறிக் கிடந்தன.

ரஹ்மத் பீவி இரண்டையும் எடுத்துப் போய்க் கொட்டினாள். இந்த மாதிரிச் சண்டை அவள் பார்க்காததா? அவளுடைய பெரிய நானா கிள்ளையில் இருக்கிறார், லாத்தா என்று கூப்பிடுகிற அக்கா பரங்கிப்பேட்டையில். அவர்கள் வாப்பா மவுத்தானபோது ஒரு தேக்குக் கட்டிலுக்காக இரண்டு பேரும் பேச்சை விட்டார்கள். லாத்தா மகள் நிக்காஹ் அன்று பெரிய நானா எதிர் டீக்கடைவரை வந்து, நின்று, ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே வராமலே திரும்பிப் போனார். பெருநாளைக்கு ரஹ்மத் பீவி ஒரு வீட்டுக்குப் போனதை இன்னொரு வீட்டில் மறைத்துத்தான் சொல்ல வேண்டும். வட்டலப்பம் எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளும் அப்படி ஆகிவிடக்கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு. பீங்கான் இருந்தாலும் போனாலும் சரி, ஜாபிரும் ஷாசியாவும் ஒரே வாசல்படி ஏறி வர வேண்டும்.

அவள் யோசித்தாள். வாக்கப்பட்டு வரும்போது அவள் கொண்டுவந்த அண்டா, தேக்சா, தாம்பாளம் எல்லாவற்றிலும் அவள் பேர் வெட்டியிருந்தது. ஓரகத்திகள் கூட்டாக இருந்த வீடு இது. ஒரு கரண்டிக்குச் சண்டை வரும், ஒரு துடைப்பத்துக்குச் சண்டை வரும்; பேர் வெட்டின சாமானுக்கு மட்டும் பஞ்சாயத்து வந்து அவள் பார்த்ததில்லை. பேர் இருந்தால் யாருடையது என்ற கேள்வியே இல்லை. அதோடு பேர் இருந்தால் மதிப்பும் கூடும் என்று விஷயம் தெரிந்த மனுஷரே வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதில் யோசிக்க இன்னும் என்ன இருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஐப்பசி கடைசியில் காசிம் பல் கட்டுவதற்காகச் சிதம்பரம் போய் மகள் வீட்டில் தங்கினார். சாவிக்கொத்து வழக்கம்போல ரஹ்மத் பீவியின் இடுப்பில் இருந்தது. கடலில் காற்றழுத்தம், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகெல்லாம் உப்பனாற்றில் ஒதுங்கிக் கிடந்தன. மழை விட்டு விட்டுப் பெய்தது. கடைத்தெருவில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிற சுப்புராயனை அவள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

அவன் மிஷினைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். சாக்கு, ஜமுக்காளம் எல்லாம் தயாராக இருந்தது. சஹனைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"அம்மா, பித்தளை, எவர்சில்வருன்னுதான் நெனச்சேன். பீங்கான்ல நான் வெட்டினதே இல்லீங்க. பட்டுன்னு வுட்டுடுச்சுன்னா?"

"வுடாது. அந்தக் காலத்துலயே வெட்டியிருக்காங்க, இத பாரு" என்று உதுமான் பேர் போட்ட சஹனைத் திருப்பிக் காட்டினாள்.

சுப்புராயன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தான். "இது வேற மாதிரிங்கம்மா. ஒவ்வொரு புள்ளியா ஒக்காந்து பொத்தியிருக்காங்க. பொறுமை ஜாஸ்தி அவங்களுக்கு. நம்மளது கரண்டு மிஷினு, கோடு கோடாத்தான் வுழும்."

"கோடா வுழுந்தா என்னா, பேரு பேருதானே."

"ஐயா வந்தப்பறம் செஞ்சுக்கலாமே?"

"ஐயா வந்தா இன்னும் பத்து வருஷம் யோசிப்பாரு. நீ வெட்டு."

முதலில் கைப்பிடி போன ஒரு டீக் கோப்பையில் வெட்டச் சொன்னாள். மிஷின் வண்டு மாதிரி இரைந்தது. கோப்பை உடையவில்லை, வெள்ளைப் பூச்சு உதிர்ந்து சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. அவளுக்குத் தைரியம் வந்தது. ஜோடி சஹனில் ஒன்றை எடுத்து வைத்து, "இதுல ஜாபிர்னு போடு" என்றாள். அடுத்ததை வைத்து, "இதுல ஷாசியா."

"ரெண்டும் ஒரே பூவா இருக்கே. ஜோடியப் பிரிக்கிறீங்களேம்மா?"

"பிரிக்கல சுப்புராயா. சேக்கறேன். ஒண்ணு அவன்கிட்ட, ஒண்ணு இவகிட்ட இருந்துச்சுன்னா, நாளைக்கு ஒரு விருந்து, ஒரு நல்லது கெட்டதுன்னா ஜோடிய எடுக்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுத்தானே ஆவணும்? முழு செட்டையும் ஒருத்தருக்குக் கொடுத்தா இன்னொருத்தர் எதுக்கு வரப்போறாங்க?"

சுப்புராயனுக்கு அது சரியென்று பட்டது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் சரியென்றுதான் பட்டிருக்கும்.

பாதியில் கரண்ட் போயிற்று. அவள் தேங்காய்ப்பால் கஞ்சியும் வறுத்த நெத்திலியும் கொடுத்தாள். அவன் கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து குடித்தான்.

"உன் கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?"

"அண்ணன் ஒருத்தர் வடலூர்ல இருக்காரும்மா. தைப்பூசத்துக்குப் போனா அவரு வூட்லதான் படுப்பேன். எங்களுக்குப் பிரிக்க ஒண்ணும் இல்ல பாருங்க, அதனால சண்டையும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தான்.

ரஹ்மத் பீவியும் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். கரண்ட் வந்ததும் மறுபடி உட்கார்ந்து இருட்டுவதற்குள் சஹன்கள் அத்தனையும் முடிந்தன. ஏற்கெனவே பேர் இருந்ததால் உதுமான் சஹனை மட்டும் விட்டுவிட்டாள். கோப்பையையும் ஜாடியையும் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அவனை அனுப்பினாள். ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். முன்பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பூ எல்லாம் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷாசியா வாப்பாவைக் கொண்டுவந்து விட வந்தாள். ஜாபிரையும் ரஹ்மத் பீவியே போன் செய்து வரச் சொல்லியிருந்தாள். அவன் தனியாக வரவில்லை. சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி பார்க்கப் பிரியப்படுகிறது, அதற்கு முன்னால் சில படம் எடுக்க வேண்டும் என்று பாலகுமாரையும் கூட்டி வந்திருந்தான். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். ரஹ்மத் பீவிக்கு அதெல்லாம் உறுத்தவில்லை. பாலகுமார் வந்ததும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தாள். அலமாரியைத் திறந்து, அவளே ஒரு சஹனை எடுத்து, திருப்பி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தாள்.

"இனிமே யாருக்கு எதுன்னு சண்டையே வேணாம். எல்லாத்துலயும் பேரு போட்டாச்சு."

காசிம் எழுந்து வந்து சஹனை வாங்கினார். கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார். ஜாபிர் என்று கோணலாக இருந்தது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். புதுப்பல் கட்டிய வாய் திறந்தபடி இருந்தது.

"யாரு செஞ்சது இத?" என்றார் பாலகுமார்.

"நான்தான். கடைத்தெரு சுப்புராயன வெச்சு வெட்டினேன்" என்றாள் பெருமையாக. "நீங்கதானே சொன்னீங்க, பேரு இருந்தாதான் மதிப்புன்னு."

பாலகுமார் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அம்மா, அது எரநூறு வருஷத்துப் பேரு. இது போன வாரத்துப் பேரு. பழைய பேரு சரித்திரம், புதுப் பேரு கீறல். அவ்வளவுதாம்மா வித்தியாசம்." ஜாபிர் பக்கம் திரும்பி, "பார்ட்டிய வரவேணாம்னு சொல்லிடறேன் தம்பி. ஜாடி, கோப்பைக்கு வேணா அப்பறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ரஹ்மத் பீவி திறந்த அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு உடனே புரியவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது.

"முடிஞ்சுது. ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சுட்டீங்க உம்மா" என்றான் ஜாபிர். "அஞ்சு வருஷம் ஷார்ஜாவுல வெயில்ல காஞ்சு சம்பாரிச்சதவிட ஜாஸ்தி அது. தெரியுமா உங்களுக்கு?"

ஷாசியா ஒரு சஹனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். "படிக்கலைன்னா பரவால்ல உம்மா. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? போன்தான் இருக்குதுல்ல? இது கொழம்புச் சட்டியா, பேரு வெட்ட?"

அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. அதை யாரும் சாப்பிடவில்லை. ஜாபிர் பைக்கில் போனான், ஷாசியா பஸ்ஸில் போனாள். காசிம் அலமாரியைப் பூட்டி, சாவியை அவளிடமே நீட்டினார். அதை வேறு எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு காசிம் அவளோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாப்பாட்டுக்கு வந்து உட்காருவார், போட்டதைச் சாப்பிடுவார், எழுந்து போவார். மாத்திரை கொடுத்தால் கையை நீட்டுவார். மழை பிடித்துக்கொண்டு பெய்தது. சிப்காட் பக்கத்திலிருந்து வருகிற மருந்து நாற்றம் ஈரக்காற்றோடு வீட்டுக்குள் வந்து தங்கியது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"ஏதாவது சொல்லுங்க. வாயத் தொறந்து வைங்களேன்."

"என்னத்த சொல்றது. வைய்யறதுக்கும் ஒரு தெம்பு வேணும்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "உன்ன நான் கேக்கவே இல்லையே ரஹ்மத்து. எதுக்கு அதுல கை வெச்சே?"

"கேக்கலைங்கறதுதான். மவளுக்குக் கொடுக்கறதுக்கு ஹஜ்ரத்த கேட்டீங்க. மவன் விலைக்குப் புதுச்சேரிக்காரர கேட்டான். இத்தினி வருஷம் குனிஞ்சு கழுவினவ நான். ரஹ்மத்து, உனக்கு என்ன தோணுதுன்னு யாரு கேட்டீங்க?"

"சரி, இப்பக் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

"புள்ளைங்க ரெண்டும் பேசிக்கணும். நாளைக்கு நீங்களும் நானும் இல்லாதப்போ பெருநாளைக்கு அவன் அவ வூட்டுக்குப் போவணும், அவ இவன் வூட்டுக்கு வரணும். எனக்கு வேற ஒரு எழவும் வேணாம்."

காசிம் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் மகளுக்கு மட்டும் என்று ஆரம்பித்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்று அவருக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும். வாயால் ஒத்துக்கொள்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. இரவு சாப்பிடும்போது, "நீயும் ஒக்காரேன்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

மழை குறைந்த ஒரு சனிக்கிழமை, வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டு ரஹ்மத் பீவி ஜன்னலில் பார்த்தாள். ஜாபிர் கடை வண்டி. முன்பக்கக் கதவு திறந்து ஷாசியா இறங்கினாள். தூறலுக்கு ஜாபிர் குடை விரித்துத் தங்கை தலைக்கு மேல் பிடித்தான். இரண்டு பேரும் ஒரே குடையில் வாசல்படி ஏறி வந்தார்கள்.

"என்னங்க, வந்துட்டாங்க, ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டாங்க" என்று காசிமை உலுக்கினாள். பக்கத்து வீட்டுப் பையனை விரட்டிக் கொடுவா மீன் வாங்கிவரச் சொன்னாள். படகு அப்போதுதான் போக ஆரம்பித்திருந்தது. மீன் யானை விலை. பரவாயில்லை. தேங்காய் துருவும்போது அவள் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. யா அல்லாஹ், நீ கேட்டுக்கொண்டாய் என்று சொல்லிக்கொண்டே துருவினாள்.

கூடத்தில் ஜாபிரும் ஷாசியாவும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். "உம்மா, நீங்களும் கொஞ்சம் வாங்க" என்று ஷாசியா கூப்பிட்டாள். ரஹ்மத் பீவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வாப்பா, நானும் நானாவும் போன்ல நெறையப் பேசினோம்" என்று ஷாசியா ஆரம்பித்தாள். "எங்களுக்குள்ள ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஜாடி, கோப்பை, அந்த உதுமான் சஹன், இதாவது நல்லா இருக்கு. இத சிதம்பரத்துக்கு எடுத்துட்டுப் போயிடறோம். இப்பவே ரெண்டு பேருக்கும் சேத்துக் கொடுத்தீங்கன்னு நாங்க ஏத்துக்கறோம். வக்கீலையும் பாத்துட்டோம். விக்கறதா, வெச்சுக்கறதான்னு நானாவும் நானும் சேந்துதான் முடிவு பண்ணுவோம்."

"அட்டைப்பெட்டி எல்லாம் வண்டியிலேயே இருக்கு" என்றான் ஜாபிர்.

"பேரு வெட்டின சஹனு?" என்றார் காசிம்.

"அது இங்கேயே இருக்கட்டும் வாப்பா. அத வெச்சு நாங்க என்ன பண்றது."

ஜாபிர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்னொண்ணு. உம்மா மேல எங்களுக்குக் கோவம் இல்ல. தெரியாமத்தான் செஞ்சாங்க. ஆனா சாவி இனிமே உம்மாகிட்ட இருக்கக் கூடாது. வூட்டு பீரோ சாவியும்தான். பத்திரமெல்லாம் அதுலதான் இருக்கு. நாளைக்கு இன்னும் என்ன தோணுமோ அவங்களுக்கு."

"ஆமா வாப்பா. அதுல நானா சொல்றதுதான் சரி" என்றாள் ஷாசியா.

காசிம் மனைவியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "அவ கையில இதுவரைக்கும் ஒண்ணு உடைஞ்சதில்லடா."

"உடைஞ்சிருந்தா ஒண்ணுதானே வாப்பா போயிருக்கும்" என்றான் ஜாபிர்.

ரஹ்மத் பீவி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தாள். வருஷக்கணக்காகக் கிடந்த இடத்தில் தோல் தடித்துப்போயிருந்தது. கொத்தை டீப்பாய்மேல் வைத்தாள். யார் எடுப்பது என்று அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீயே வெச்சுக்க" என்றான் ஜாபிர். "இல்ல நானா, நீங்க வெச்சுக்குங்க" என்றாள் ஷாசியா. அந்த வீட்டில் ஒரு சாமானை விட்டுக்கொடுத்து அவர்கள் பேசியது அதுதான் முதல் தடவை.

"சாப்புட்டுட்டுப் பெட்டி கட்டுங்க. மீன் ஆணம் கொதிக்குது" என்றாள் ரஹ்மத் பீவி.

பாய் விரித்து எவர்சில்வர் தட்டு வைத்தாள். இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். ஜாபிர் தன் தட்டிலிருந்து கொடுவா வயிற்றுத் துண்டை எடுத்துத் தங்கை தட்டில் போட்டான். அவள் வேண்டாம் என்று திருப்பிப் போட்டாள். பாலகுமார் கைக்குட்டையை மடித்த விதத்தை ஜாபிர் செய்து காட்ட, ஷாசியாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவன் அவள் தலையில் தட்டினான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிடும்போது இப்படித்தான் இருப்பார்கள்.

காசிம் சாப்பிட உட்காரவில்லை. எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தார். ரஹ்மத் பீவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"பாத்தீங்களா, எப்படிச் சிரிக்கிறாங்கன்னு" என்றாள்.

"பாத்தேன்."

"இவங்க ரெண்டு பேரையும் சேத்து வையின்னுதான் ஒவ்வொரு தொழுகையிலயும் கையேந்தினேன். அப்படியே கொடுத்துட்டான். கொற சொல்ல முடியாது." அவள் அடுப்பைத் தணித்தாள். "கூட என்னையும் சேத்து வையின்னு கேக்காம வுட்டுட்டேங்க."

காசிம் அவள் தோளைத் தொட்டார்.

கூடத்திலிருந்து இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டன. "உம்மா, ஆணம்!"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.